ஸ்டீவனேஜ், ஹார்லோ, க்ராலி, மில்டன் கீன்ஸ்: லண்டனுக்கு வெளியே குடியேற எந்தப் புதுநகரம்?

லண்டனில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, வெளியே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று தேட ஆரம்பிப்பவர்களின் பட்டியலில் சில பெயர்கள் சீக்கிரமே வந்துவிடும். வடக்கே ஸ்டீவனேஜ், வடகிழக்கே ஹார்லோ, தெற்கே க்ராலி, இன்னும் கொஞ்சம் தள்ளி மில்டன் கீன்ஸ். நான்கும் ரயில் வசதி உள்ள ஊர்கள். நான்கிலும் சாதாரணச் சம்பளக்காரர் தோட்டத்தோடு ஒரு வீட்டைப் பற்றி யோசிக்கவாவது முடியும். அப்புறம், நான்குமே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டிய புதுநகரங்கள்.

“எல்லாம் ஒரே மாதிரி கான்கிரீட் ஊர்தான், எது விலை குறைவோ அதை வாங்கு” என்று அறிவுரை சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வீடு வாங்காதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தானாக வளர்ந்த ஊரில் தெருக்கள் எப்படியோ அமைந்துவிடும். திட்டமிட்ட ஊரில் அப்படி இல்லை. நீங்கள் கடைக்கு எந்த வழியாகப் போவீர்கள், பிள்ளை பள்ளிக்கு ரோட்டைக் கடக்க வேண்டுமா வேண்டாமா, காரை எங்கே நிறுத்துவீர்கள் என்பதையெல்லாம் ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவு ஊருக்கு ஊர் வேறு. வீட்டுக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அந்த வரைபடத்தை மாற்ற முடியாது.

எனவே விலையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் வீட்டில் எத்தனை பேர் கார் ஓட்டுவீர்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆனமாதிரி.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைய தெருவிலும் தெரிகிறது. குண்டுவீச்சில் நொறுங்கிய, நெரிசலில் திணறிய லண்டனிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த வேண்டும் என்பது 1944-இல் பேட்ரிக் அபர்கிராம்பி தயாரித்த பெருநகர லண்டன் திட்டத்தின் அடிப்படை. 1946-இல் அதற்கான சட்டம் வந்தது. லண்டனைச் சுற்றி எட்டு ஊர்கள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. ஸ்டீவனேஜ் முதலாவது, 1946 நவம்பர் 11 அன்று. க்ராலியும் ஹார்லோவும் 1947-இல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்ச்சிக் கழகம் அமைத்து, நிலத்தை வாங்கி, வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். அந்த ஊரிலேயே வேலை கிடைத்தவருக்குத்தான் பெரும்பாலும் வீடு. அதனால் ஊரின் ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் குடியிருப்புகள், நடுவில் கடைவீதி என்ற அமைப்பு. மில்டன் கீன்ஸ் ஒரு தலைமுறை கழித்து, 1967-இல் வந்தது. அதற்குள் இங்கிலாந்து கார் வாங்கியிருந்தது. நான்கையும் ஒப்பிடும்போது மூன்று ஒரு பக்கமும் ஒன்று இன்னொரு பக்கமும் நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்டீவனேஜிலிருந்து தொடங்குகிறேன், காரணம் லண்டனில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

இந்த ஊர் சண்டையில் பிறந்தது. 1946-இல் அமைச்சர் லூயிஸ் சில்கின் இங்கே வந்து திட்டத்தை விளக்கியபோது பழைய ஊர்க்காரர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள், அவர் காரின் டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையை, சோவியத் ஊர்ப் பெயர் மாதிரி, ‘சில்கின்கிராட்’ என்று மாற்றிவைத்தார்கள். அவர்கள் போட்ட வழக்கு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. அந்தப் பழைய ஊர் இன்னும் இருக்கிறது. அகலமான ஹை ஸ்ட்ரீட், இரண்டு பக்கமும் குதிரை வண்டிக் காலத்து விடுதிகள். லண்டனிலிருந்து வடக்கே போகும் பழைய பெருவழி இது. ஓல்ட் டவுன் என்று சொன்னால் வாடகையும் விலையும் சட்டென்று ஏறும். புதிய ஊரில் வசிப்பவர்களும் சனிக்கிழமை மாலை சாப்பிட அங்கேதான் போகிறார்கள்.

புதிய பகுதியின் மையத்தில் இருக்கும் டவுன் ஸ்கொயர், காரே நுழையாதபடி ஆரம்பத்திலிருந்தே நடப்பவர்களுக்காகக் கட்டப்பட்ட முதல் பிரிட்டிஷ் நகர மையம். 1959-இல் இரண்டாம் எலிசபெத் ராணி திறந்துவைத்தார். நடுவில் மணிக்கூண்டு, பக்கத்தில் மேடை மேல் ஃபிரான்டா பெல்ஸ்கி செய்த, தாயின் முதுகில் குழந்தை ஏறிக்கொண்டிருக்கும் வெண்கலச் சிலை. சுற்றியுள்ள கடைகளில் பல களையிழந்துவிட்டன என்பது உண்மை. இப்போது பெரிய மறுசீரமைப்பு நடக்கிறது, நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்புகின்றன.

ஸ்டீவனேஜில் நான் மனதார மதிப்பது அதன் சைக்கிள் பாதைகளை. தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் தானே சைக்கிளில் போகிறவர். ஊரின் பெரிய சாலைகளை ஒட்டி, காரிலிருந்து முற்றிலும் பிரிந்த சைக்கிள் பாதையும் அதன் ஓரமாக நடைபாதையும் போட்டார். ஒரு ரவுண்டபவுட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர் யோசனை புரியும். காருக்கான சாலையை மேலே தூக்கி, சைக்கிள் பாதையைக் கொஞ்சமாகத் தாழ்த்தியிருக்கிறார். இறக்கத்தில் கிடைத்த வேகத்திலேயே மறுபக்கம் ஏறிவிடலாம், மிதிக்கவே வேண்டியதில்லை. மேலே நான்கு பக்கமும் வண்டிகள் சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஒரு பள்ளிக்கூடப் பையன் பையை முதுகில் போட்டுக்கொண்டு நிற்காமல் போவான். இவ்வளவு இருந்தும் அவர் எதிர்பார்த்த அளவுக்கு ஊர் சைக்கிளுக்கு மாறவில்லை. கார் ஓட்டுவதும் அதே அளவு சுலபமாக இருந்ததால் மக்கள் காரையே எடுத்தார்கள். ஆனால் உங்களுக்கு அது நல்ல செய்தி: பாதைகள் காலியாக இருக்கின்றன. ஒரே ஒரு கார் உள்ள குடும்பம், அல்லது காரே இல்லாத குடும்பம், இங்கே முடங்கிப்போகாது.

ரயில்தான் இந்த ஊரின் பெரிய பலம். 1973-இல் நிலையத்தைப் பழைய ஊரிலிருந்து நகர மையத்துக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். கிங்ஸ் க்ராஸுக்கு வேக ரயில் அரை மணிக்குள் போய்விடும். தண்டவாளத்துக்கு மேற்கே கன்னல்ஸ் உட் சாலையில் தொழிற்பேட்டை. ஏர்பஸ்ஸின் விண்வெளிப் பிரிவு இங்கே இருக்கிறது, செவ்வாய்க் கிரகத்துக்கான ரோசலிண்ட் ஃபிராங்ளின் ஊர்தியைக் கட்டியது இங்கேதான். மருந்து நிறுவனமான ஜிஎஸ்கேயின் ஆய்வு மையமும், செல் மற்றும் மரபணு சிகிச்சைத் தயாரிப்பு மையமும் இருக்கின்றன. கணவனுக்கு லண்டனில் வேலை, மனைவிக்கு மருந்து ஆராய்ச்சியில் என்றால் இரண்டு பேருக்கும் சரிப்பட்டு வருகிற ஊர் இது. லிஸ்டர் மருத்துவமனை ஊருக்குள்ளேயே வடக்கு ஓரத்தில். ஃபேர்லண்ட்ஸ் பள்ளத்தாக்குப் பூங்காவும் ஏரியும் ஊருக்கு நடுவில்.

குறை என்ன? ஊர் சின்னது. 2021 கணக்கெடுப்பில் சுமார் 89,500 பேர். மாலையில் மையம் சீக்கிரம் அடங்கிவிடும்.

ஹார்லோவுக்கு வருவோம். நான்கில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும், மிக அதிக உழைப்போடு வடிவமைக்கப்பட்டதும் இந்த ஊர்தான் என்பது என் கருத்து.

பெரும்பாலான நகரத் திட்டக்காரர்கள் வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஃபிரெடரிக் கிபர்ட் அப்படிப் போகவில்லை. தான் வரைந்த ஊரிலேயே வீடு வாங்கி, 1984-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். மார்ஷ் லேனில் அவர் வளர்த்த தோட்டத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். மார்க் ஹால் பகுதியில் 1951-இல் அவர் எழுப்பிய ‘தி லான்’ பத்து மாடிக் கட்டடம்தான் பிரிட்டனின் முதல் குடியிருப்புக் கோபுரம். ஆனால் அவருக்கு முக்கியமாக இருந்தது கட்டடமல்ல, இடைவெளி. குடியிருப்புகளுக்கு நடுவே வயலையும் ஓடையையும் மரத்தோப்பையும் ஆப்பு மாதிரி உள்ளே வரவிட்டார். நிலத்தோட்ட வல்லுநர் சில்வியா க்ரோ அதில் துணையாக இருந்தார். ஹார்லோவின் எந்தக் குடியிருப்பிலிருந்தும் சில நிமிடம் நடந்தால் திறந்த பசுமை வந்துவிடுகிறது. அதற்குப் பெரிய பூங்கா என்று பெயர்ப்பலகை எதுவும் இருக்காது. நாயைக் கூட்டிக்கொண்டு போகிற ஒற்றையடிப் பாதையும், இரண்டு பக்கமும் உயர்ந்த புல்லும், அவ்வளவுதான்.

அப்புறம் சிலைகள். 1953-இல் ஒரு கலை அறக்கட்டளை தொடங்கி, உழைக்கும் மக்கள் வசிக்கும் ஊருக்கு முதல் தரச் சிற்பம் வேண்டும் என்று வாங்கி வைத்தார்கள். சிற்பி ஹென்றி மூர் பக்கத்து ஊரான மச் ஹடமில் இருந்தவர், ஹார்லோவுக்கென்றே ஒரு குடும்பச் சிலை செதுக்கிக் கொடுத்தார். அப்பா, அம்மா, நடுவில் குழந்தை. போருக்குப் பிறகு இங்கே குடிவந்த இளம் தம்பதிகளுக்குப் பிறந்த பிள்ளைகளால் ஊர் நிறைந்து, பத்திரிகைகள் இதைத் தள்ளுவண்டி ஊர் என்றே அழைத்த காலம் அது. வெளியே வைத்திருந்த சிலையை யாரோ சேதப்படுத்தியதால் இப்போது சிவிக் சென்டருக்குள் இருக்கிறது. வாட்டர் கார்டன்ஸில் ரோடானின் ஏவாள் நிற்கிறாள். பார்பரா ஹெப்வொர்த்தின் இரட்டை உருவங்கள் ஒரு சாதாரண வீட்டுத் தெருவின் புல்வெளியில் நிற்கின்றன, எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்தால் அதுதான் காட்சி. லண்டன் அருங்காட்சியகத்தில் கூட்டத்தோடு நின்று பார்க்க வேண்டியதை இங்கே பால் வாங்கப் போகும்போது பார்க்கலாம்.

உலகம் முழுவதும் இன்று இணையத்தைச் சுமக்கும் கண்ணாடி இழைக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. 1966-இல் சார்ல்ஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஹார்லோவிலிருந்த ஆய்வுக்கூடத்தில் அதற்கான அடிப்படையை நிறுவினார்கள், காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது அவர் பெயரில் ஒரு தொழில் வளாகம் இருக்கிறது.

இவ்வளவு நல்ல ஊருக்கு ஏன் பெயர் கெட்டது? நகர மையம் நலிந்தது ஒரு காரணம். இன்னொன்று, 2013-க்குப் பிறகு வந்த தளர்வான விதிகள். முழுமையான திட்ட அனுமதி இல்லாமலே காலி அலுவலகங்களை வீடாக மாற்றலாம் என்றானதும், ஹார்லோவின் பழைய அலுவலகக் கட்டடங்கள் மிகச் சிறிய அறைகளாகப் பிரிக்கப்பட்டன. வேறு ஊர்களின் கவுன்சில்கள் வீடற்ற குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே தங்கவைத்தன. டெர்மினஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தின் பெயர் நாடாளுமன்றம் வரை அடிபட்டது. கிபர்ட் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் எவ்வளவு புல் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த ஊரில் இப்படி நடந்தது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஆனால் வீடு வாங்குகிறவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கட்டடங்கள் வேறு, மார்க் ஹாலின் 1950-களின் செங்கல் வீடுகள் வேறு. ஊரின் பெயர் கெட்டதால் விலை ஏறாமல் இருக்கும் நல்ல தெருக்கள் ஹார்லோவில் இருக்கின்றன.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஹார்லோ டவுன் நிலையம் ஊரின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. தெற்கே புஷ் ஃபேர், ஸ்டேபிள் டை பக்கம் வீடு வாங்கினால் நிலையத்துக்கு பஸ்ஸோ காரோ வேண்டும். அந்தப் பசுமை ஆப்புகளுக்கான விலை இது: எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம், வழியில் டாட்டன்ஹாம் ஹேலில் இறங்கினால் லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா லைன். எதிர்ப்பக்கம் ஏறினால் கேம்பிரிட்ஜ். கேம்பிரிட்ஜ் பக்கம் ஒருவருக்கும் லண்டன் நகரில் ஒருவருக்கும் வேலை இருக்கும் குடும்பங்களுக்கு ஹார்லோவை விடச் சரியான இடத்தில் வேறு ஊர் இல்லை. ஊரைச் சுற்றி சுமார் 23,000 வீடுகளோடு ஹார்லோ கில்ஸ்டன் தோட்டநகரம் வரப்போகிறது, எனவே அடுத்த பல வருடங்களுக்கு ஓரங்களில் கட்டுமானம் நடந்துகொண்டே இருக்கும்.

க்ராலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்த ஊரின் தலையெழுத்தை ஒரே ஒரு விஷயம் எழுதுகிறது: கேட்விக் விமான நிலையம். க்ராலி கவுன்சிலின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே மேனர் ராயல் தொழிற்பேட்டை. விமானம், சரக்கு, ஹோட்டல், பாதுகாப்பு, உணவு தயாரிப்பு என்று ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இதைவிட வசதியான இடம் கிடையாது. பஸ்களும் அதற்கேற்றபடி ஓடுகின்றன. ஆனால் 2020-இல் விமானங்கள் நின்றபோது நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்றும் க்ராலிதான். வீட்டில் இரண்டு சம்பளமும் விமானத்தை நம்பியிருந்தால் இதை ஒருமுறை யோசியுங்கள். 2025 செப்டம்பரில் கேட்விக்கின் இரண்டாவது ஓடுபாதைக்கு அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. வேலை பெருகும், சத்தமும் பெருகும். லாங்லி க்ரீன், ஐஃபீல்ட் பக்கம் வீடு பார்த்தால் பகலில் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஊர் அமைப்பு எளிமையானது, நல்லது. மையத்தைச் சுற்றி 14 குடியிருப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசைக் கடை, தொடக்கப்பள்ளி, மைதானம், சமூகக்கூடம். தெருப் பெயர்ப் பலகைகளை உற்றுப் பாருங்கள்: தெருப் பெயருக்குக் கீழே ஒரு வண்ணப் பட்டையில் குடியிருப்பின் பெயர் இருக்கும், குடியிருப்புக்குக் குடியிருப்பு நிறம் மாறும். க்ராலிக்காரர் தன்னை டில்கேட்காரர், பிராட்ஃபீல்ட்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார். நான்கு ஊர்களில் மிகக் கலப்பான மக்கள் இங்கேயும் மில்டன் கீன்ஸிலும் இருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் தங்கள் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்கள், 2002-இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்ததும் மொரீஷியஸிலிருந்து கேட்விக்கில் வந்திறங்கி, அப்படியே பக்கத்து ஊரில் தங்கிவிட்டார்கள். உலகில் அவர்களுடைய பெரிய சமூகங்களில் ஒன்று க்ராலியில். தெற்காசியக் குடும்பங்களும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன, ஐஃபீல்டில் குஜராத்திச் சமூகம் கட்டிய பெரிய இந்துக் கோயில் மையம் சுற்றுவட்டாரத்துக்கே பொது. புதிதாக இங்கிலாந்துக்கு வந்த குடும்பத்துக்கு, தான் மட்டும் தனியாகத் தெரிகிறோம் என்ற உணர்வு மிகக் குறைவாக வரும் ஊர் இது.

ஒரு பெரிய குறை: இந்த அளவு ஊருக்கு, 1,18,000 பேருக்கு மேல் இருந்தும், முழு அவசர சிகிச்சைப் பிரிவு இல்லை. க்ராலி மருத்துவமனையில் சிறிய அவசரங்களைப் பார்ப்பார்கள், நெஞ்சுவலி என்றால் ரெட்ஹில்லில் இருக்கும் ஈஸ்ட் சரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதான பெற்றோரோடு குடிபோகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். மற்ற மூன்று ஊர்களிலும் பெரிய மருத்துவமனை உள்ளேயே இருக்கிறது.

சரி, மில்டன் கீன்ஸ். இதற்கு முன் சொன்ன மூன்றையும் மறந்துவிட்டு யோசிக்க வேண்டும்.

1967-இல் வடக்கு பக்கிங்காம்ஷயரில் சுமார் 22,000 ஏக்கர் நிலத்தை, பிளெச்லி, வுல்வர்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்ட் என்ற மூன்று பழைய ஊர்களையும் பல கிராமங்களையும் சேர்த்து, இரண்டரை லட்சம் பேருக்கான நகரமாக அறிவித்தார்கள். முந்தைய புதுநகரங்களில் எல்லாச் சாலையும் மையத்துக்குப் போகும். இங்கே அது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் பெரிய சாலைகள் போட்டு, கட்டங்களுக்கு உள்ளே வீடுகளை வைத்தார்கள். குறுக்குச் சாலைகளுக்கு ஹெச், நெடுக்குச் சாலைகளுக்கு வி என்று எண்கள். சந்திப்புகள் பெரும்பாலும் ரவுண்டபவுட். வேலையும் கடையும் பள்ளியும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும், யார் எங்கே வேண்டுமானாலும் சில நிமிடங்களில் காரில் போய்விடலாம் என்பது கணக்கு.

முதன்முறை அந்தச் சாலையில் போகிறவருக்கு ஊரே கண்ணில் படாது. இரண்டு பக்கமும் மண்மேடு, அதன் மேல் அடர்ந்த மரங்கள். இரண்டரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை நம்ப முடியாது. கட்டடங்கள் மரத்தைவிட உயரக் கூடாது என்பது ஆரம்ப காலத்துக் கொள்கை. மையத்தில் அது இப்போது தளர்ந்துவிட்டது, ஆனால் குடியிருப்புகளில் இன்னும் தெரிகிறது. பூங்காக்களைப் பராமரிக்கும் ஏற்பாடு, இங்கிலாந்தின் வேறு ஊர்கள் பொறாமைப்பட வேண்டியது. 1992-இல் வளர்ச்சிக் கழகம் கலைக்கப்பட்டபோது, பசுமை நிலங்களைத் தனி அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, அதற்கு வருமானம் வரும்படி வணிகச் சொத்துகளையும் கொடுத்தார்கள். அதனால் கவுன்சிலுக்குப் பணம் இல்லாத வருடத்திலும் வில்லன் ஏரிக்கரையில் புல் வெட்டப்படுகிறது. அந்த ஏரிக்கரையில்தான் 1980-இல் ஜப்பானிய பௌத்தத் துறவிகள் கட்டிய அமைதித் தூபி இருக்கிறது, மேற்கு நாடுகளில் அந்த வகையில் முதலாவது.

நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ரெட்வே என்ற சிவப்புப் பாதைகள் ஊர் முழுக்க 300 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகின்றன. காகிதத்தில் இது ஸ்டீவனேஜை விடப் பெரிய வசதி. காலால் அளந்தால் அப்படி இல்லை. ரெட்வே பல இடங்களில் வீடுகளின் பின்புறமாக, புதர்களுக்கு நடுவே, வளைந்து வளைந்து போகும். பகலில் பிள்ளைகளோடு போக அருமையாக இருக்கும். குளிர்காலத்தில் மாலை நான்கரை மணிக்கே இருட்டும்போது தனியாக வேலைவிட்டு வரும் பெண் சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக வர விரும்பமாட்டார், பஸ்ஸுக்குக் காத்திருப்பார். பஸ்ஸும் இந்த அமைப்பில் சிரமப்படுகிறது: வீடுகள் பரவிக் கிடப்பதால் ஒரு நிறுத்தத்தில் அதிகம் பேர் ஏறுவதில்லை, அதனால் அடிக்கடி ஓட்டக் கட்டுப்படியாவதில்லை. கார் ஓட்டத் தெரியாத ஒருவர், முக்கியமாக ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா அப்பா, நாள் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்துவிடும் ஆபத்து நான்கு ஊர்களில் இங்கேதான் அதிகம். இரண்டு கார்களுக்கான காப்பீட்டையும் பெட்ரோலையும் சேர்த்துத்தான் மில்டன் கீன்ஸ் வீட்டின் விலையைக் கணக்கிட வேண்டும்.

ஆனால் வேலை என்று பார்த்தால் இந்த ஊர் மற்ற மூன்றையும் தாண்டி நிற்கிறது. 1969-இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் வால்டன் ஹாலில். நெட்வொர்க் ரெயில், சான்டண்டர் வங்கி, ரெட் புல் ஃபார்முலா ஒன் அணி எல்லாம் இங்கே. 2018-இலிருந்து சின்ன ரோபோக்கள் ரெட்வே வழியாக மளிகைச் சாமான் கொண்டுவந்து தருகின்றன, காரிலிருந்து பிரிந்த பாதை இருந்ததால்தான் அது இங்கே சாத்தியமானது. 2022-இல் நகர அந்தஸ்து கிடைத்தது. 2025-இல் புதிய நகரங்களுக்காக அரசு அமைத்த குழு பரிந்துரைத்த 12 இடங்களில் மில்டன் கீன்ஸும் ஒன்று, அதாவது இது இன்னும் வளரப்போகிறது. யூஸ்டனுக்கு வேக ரயில் 35 நிமிடம் போல ஆகும். சீசன் டிக்கெட் விலையை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் லண்டன் போகிறவருக்குப் பரவாயில்லை, ஐந்து நாளும் என்றால் ஸ்டீவனேஜ்தான்.

பள்ளியைப் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளியான கிராமர் ஸ்கூல் இருக்கிறதா? நான்கு ஊரிலும் இல்லை. பக்கிங்காம்ஷயரில் நிறைய உண்டு, ஆனால் மில்டன் கீன்ஸ் 1997-இல் தனி நிர்வாகமாகப் பிரிந்துவிட்டது, அதன் எல்லைக்குள் ஒன்றும் கிடையாது. எல்லை தாண்டிப் போட்டி போடலாம், தினமும் பயணம் உண்டு. இதற்காக மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இனி, ஊரைவிட முக்கியமான ஒன்று: வீடு எந்தப் பத்தாண்டில் கட்டப்பட்டது என்பது.

1950-களில் கட்டியவை நான்கில் மூன்று ஊர்களிலும் உறுதியானவை. செங்கல் சுவர், சாய்ந்த ஓட்டுக் கூரை, அறைகள் தாராளம், பின்னால் நீளத் தோட்டம். ஸ்டீவனேஜில் பெட்வெல், ஹார்லோவில் மார்க் ஹால், க்ராலியில் வெஸ்ட் க்ரீன் இந்த வகை. 1960-களில் காரைத் தெருவிலிருந்து ஒதுக்கும் புதிய யோசனை வந்தது. வீட்டின் முன்வாசல் நடைபாதையைப் பார்க்கும், காரும் கராஜும் பின்னால் ஒரு பொது முற்றத்தில். பிள்ளைகள் வாசலில் பயமில்லாமல் விளையாடலாம் என்பது நோக்கம், அது உண்மையும்கூட. ஆனால் கூரியர்காரருக்கு வீடு அகப்படாது, கராஜ் முற்றத்தை எந்த ஜன்னலும் பார்க்காது, காரை ராத்திரி அங்கே விட்டுவிட்டு வர மனசு வராது. 1970-களில் மில்டன் கீன்ஸ் பெரிய கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு அவசரமாக நிறைய வீடு கட்டியது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த பீன்ஹில்லில் தட்டைக் கூரை ஒழுகி, பின்னாளில் மேலே சாய்ந்த கூரை போட வேண்டியிருந்தது. நெதர்ஃபீல்டின் நீண்ட வரிசை வீடுகளிலும் ஒழுகல் பெரிய பிரச்சினை. இந்தப் பகுதிகளில் விலை குறைவாகத் தெரிந்தால், சர்வேயரிடம் கூரையைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான கட்டுமானம் இல்லாத வீட்டுக்குச் சில வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும் என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். புதிய அடுக்குமாடிகளில், ஸ்டீவனேஜ் நிலையத்துப் பக்கம் வருகிறவை உட்பட, லீஸ்ஹோல்டும் (நிலம் சொந்தமில்லாமல் நீண்டகாலக் குத்தகையில் வாங்கும் முறை) பராமரிப்புக் கட்டணமும் இருக்கும். அந்தக் கட்டணம் வருடா வருடம் எப்படி ஏறியிருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: லண்டனுக்குத் தினமும் போகும், ஒரு கார் உள்ள குடும்பத்துக்கு ஸ்டீவனேஜில் பெட்வெல் அல்லது ஷெப்பால். கையில் பணம் குறைவு, ஆனால் பசுமையும் நல்ல வீடும் வேண்டும், ஊர்ப் பெயரைச் சொன்னதும் மற்றவர் முகம் சுளித்தால் கவலையில்லை என்றால் ஹார்லோவின் வடக்குப் பகுதி, ஸ்டோ கடைவீதியைச் சுற்றி. இதை நான் இரண்டாம்பட்சமாகச் சொல்லவில்லை. வேலை நேரம் ஒழுங்கில்லாத விமானநிலையக் குடும்பத்துக்கும், புதிதாக வந்து உறவுகள் தேடுகிறவர்களுக்கும் க்ராலி. இருவருமே கார் ஓட்டுகிறீர்கள், வேலையும் மில்டன் கீன்ஸிலேயே கிடைக்கும் என்றால் அங்கே போங்கள், பிள்ளைகள் மரங்களுக்கு நடுவே வளர்வார்கள். ஆனால் வுல்வர்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்ட் இரண்டையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வுல்வர்டன் 1838-இலிருந்து ரயில் பட்டறை ஊர், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்ட் பழைய பெருவழி ஊர். இரண்டிலும் கடைவீதி வரை நடந்தே போகலாம், புதிய நகரத்தின் வேலைவாய்ப்பும் கைக்கெட்டும் தூரத்தில்.

வீடு பார்க்க ஏஜெண்ட் சனிக்கிழமை பதினோரு மணிக்குத்தான் நேரம் கொடுப்பார். அதோடு விட்டுவிடாமல் நவம்பரிலோ ஜனவரியிலோ ஒரு வேலைநாள் மாலை ஆறு மணிக்கு நிலையத்தில் இறங்கி, அந்த வீடுவரை நடந்து பாருங்கள். வழியில் எத்தனை சுரங்கப்பாதை, விளக்கு எரிகிறதா, குடியிருப்புக் கடைவரிசையில் எத்தனை கடை திறந்திருக்கிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கார் ஓட்டாதவர் யாரோ அவரையும் கூட அழைத்துப் போங்கள், அவர் வேண்டாம் என்றால் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.